மாநாட்டுக்கு அமர்வு எழுதி அனுப்பும்போது எங்கே சறுக்குகிறோம்?

நடந்து முடிந்த திட்டங்களால் என்ன மாறியது என்று மதிப்பிடுபவர்கள் கூடும் மாநாடு அது. அங்கே ஓர் அமர்வு நடத்த வாய்ப்புக் கேட்டு, அதன் சுருக்கத்தை 250 சொல்லுக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். என் முதல் விண்ணப்பத்தில் காரைக்குடி எங்கே இருக்கிறது, செட்டிநாட்டில் மழை எப்படிப் பொய்க்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் எப்படித் தொடங்கின என்பதற்கே 140 சொல் போய்விட்டது. நாங்கள் மதிப்பிட்டது என்ன என்பது கடைசி இரண்டு வரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிராகரித்து வந்த மின்னஞ்சலில், விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் ஒரு ரிவியூவர் எழுதியிருந்தார்: சூழல் நன்றாகப் புரிகிறது, அமர்வு எங்கே?

அதற்கப்புறம் நான் எழுதியது, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் 'கொஞ்சம் பார்த்துக் கொடுங்க' என்று அனுப்பியது என்று நிறைய படித்துவிட்டேன். அதே தவறுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. நாம் பட்ட பாட்டையெல்லாம் எழுதுகிறோம். அந்த அறையில் வந்து உட்காரப் போகிறவர் எதைக் கற்றுக்கொண்டு எழுந்து போவார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'திட்ட மதிப்பீடு' என்றால் நம் ஊரில் '20 லட்சம் மதிப்பீட்டில் பயணியர் நிழற்குடை' என்ற பலகைதான் ஞாபகம் வரும். அது எஸ்டிமேட். நாம் பேசுவது, ஒரு திட்டம் நடந்ததால் யாருக்கு என்ன மாறியது, எதனால் மாறியது என்று பார்க்கும் வேலை. இந்தக் குழப்பம் விண்ணப்பத்துக்குள்ளும் நுழைந்துவிடும். 'ரூ. 18 லட்சம் செலவில் 320 பெண்களுக்குத் தையல் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, அதையே விளைவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

பழைய செட்டியார் வீட்டுக் கணக்கு முறையை நினைத்துப் பாருங்கள். அன்றாட வரவு செலவை எழுதி, பேரேட்டில் ஏற்றி, கடைசியில் ஐந்தொகை எடுத்தால்தான் கடை நிலவரம் தெரியும். 320 பேருக்குப் பயிற்சி என்பது வெறும் செலவுப் பதிவு. ரிவியூவர் கேட்பது ஐந்தொகையை.

இன்னொரு உதாரணம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதை ஓர் அமர்வாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் கற்றார்கள் என்பது முதல் வரியோடு முடிந்துவிடும். சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் போக அண்ணனையோ பஸ்ஸையோ எதிர்பார்த்திருந்த பெண்ணுக்கு நாளில் எவ்வளவு நேரம் மிச்சமானது, அந்த நேரம் எங்கே போனது, சைக்கிள் கற்காத பக்கத்து ஊர்ப் பெண்ணோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்கும்போதுதான் அது மதிப்பீடு ஆகிறது. 'எதோடு ஒப்பிட்டு?' என்ற கேள்விக்கு உங்கள் சுருக்கத்தில் ஒரு வாக்கியமாவது பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

நன்றாகச் செய்யப்பட்டதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகத் தன்னார்வலர் எண்ணிக்கையில்தான் ஆரம்பிப்பார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர், கிராமப்புறத்தில் கிட்டத்தட்ட 19,000 குழந்தைகளின் கற்றலைப் பள்ளி திறந்த பிறகு அளந்தார்கள். பள்ளி மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம்தான் அந்தத் திட்டத்தால் வந்தது என்று பிரித்தும் காட்டினார்கள். எல்லாப் பெருமையையும் திட்டத்தின் தலையில் கட்டவில்லை. அதனால்தான் அந்த எண்ணை நம்ப முடிகிறது.

சரி, நம்மிடம் அவ்வளவு பெரிய தரவு இல்லையே என்பீர்கள். தேவையில்லை. 40 வீட்டில் பேசிக் கிடைத்த விஷயத்தை 40 வீட்டளவுக்குச் சொன்னால் போதும். 'தமிழகப் பெண்களின் வாழ்வில் புரட்சி' என்று எழுதினால்தான் மாட்டிக்கொள்வோம். இதற்கு நேர் எதிரான வியாதியும் நம்மிடம் உண்டு: தன்னடக்கம். 'எங்களால் இயன்ற சிறு முயற்சி', 'ஏதோ எங்களுக்குத் தெரிந்த அளவில்' என்று ஆரம்பிப்பது மேடையில் அழகாக இருக்கலாம். விண்ணப்பத்தில் அது பத்துச் சொல் நட்டம். படிப்பவரும் இவர்களுக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார். திட்டம் தோற்றிருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். மதிப்பீட்டாளர்கள் கூடும் இடத்தில் தோல்வியை நேர்மையாக அலசும் அமர்வுக்குக் கூட்டம் சேரும்.

மதிப்பீட்டுக்கு உலக அளவில் புழங்கும் ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன: பொருத்தம், ஒத்திசைவு (மற்ற திட்டங்களோடு இசைந்து போவது), பயன் விளைவு, செயல்திறன், தாக்கம், நீடிப்பு. 1991 முதல் ஐந்தாக இருந்தன. 2019இல் ஒத்திசைவு சேர்ந்தது. படித்தவுடன் ஆறையும் 15 நிமிட உரைக்குள் திணிக்க ஆசை வரும். ஒன்றை எடுங்கள், மிஞ்சினால் இரண்டு.

அமர்வின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் கூத்து தனி. பேனல், அதாவது சிலர் மேடையில் சேர்ந்து பேசுவது, என்றால் கௌரவம் என்று நினைத்து எல்லாவற்றையும் பேனலாகவே அனுப்புகிறோம். ஒரு மணி நேர அமர்வில் ஐந்து பேர் ஆளுக்கு 12 நிமிடம் பேசினால் கேள்விக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. அந்த ஐந்து பேரும் ஒரே அலுவலகம் என்றால் கேட்கவே வேண்டாம், ஒருவர் சொன்னதை அடுத்தவர் வழிமொழிவார். பணம் கொடுத்தவர், வெளியிலிருந்து மதிப்பிட்டவர், களத்தில் நின்றவர் என்று மூன்று பேர் வந்து, ஓரிடத்திலாவது கருத்து வேறுபட்டால்தான் அது பேனல். விடை கிடைக்காத கேள்வி கையில் இருக்கிறதா? வட்டமேசைக்கு அனுப்புங்கள். ஒரே ஓர் அட்டவணைதான் உங்கள் சரக்கு என்றால், சுவரில் ஒட்டிவைத்துப் பக்கத்தில் நின்று விளக்கும் போஸ்டரே போதும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. இக்னைட் என்ற வடிவத்தில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 15 விநாடியில் தானாக நகரும், 5 நிமிடத்தில் முடிந்துவிடும். நம்மில் பலர் வரவேற்புரைக்கே அதைவிட அதிக நேரம் எடுப்போம், பார்த்துக்கொள்ளுங்கள்.

1986இல் தொடங்கிய அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கம் போன்ற பெரிய அமைப்புகளில் துறைவாரியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் உண்டு. நீங்கள் எந்தக் குழுவைக் குறிக்கிறீர்களோ அதன் உறுப்பினர்கள்தான் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பார்கள், அதுவும் சம்பளமில்லாமல், சொந்த வேலைக்கு நடுவில். ஆகவே அவசரத்தில் பட்டியலில் முதலில் இருப்பதைச் சொடுக்கிவிடாதீர்கள். அப்படிப் படிக்கிறவருக்கு நம் ஊர் வறுமை ஒழிப்புத் திட்டமான புது வாழ்வுத் திட்டமோ, பி.எல்.எஃப்., வி.பி.ஆர்.சி. என்ற எழுத்துகளோ தெரியாது. நைரோபியில் இருப்பவருக்கு பி.எல்.எஃப். என்பதை 'ஊராட்சி அளவில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு' என்றும், வி.பி.ஆர்.சி. என்பதை 'கிராம வறுமை ஒழிப்புச் சங்கம்' என்றும் விரித்தால்தான் விளங்கும். விண்ணப்பித்தவரின் பெயரை மறைத்துப் படிக்கும் மாநாடு என்றால், ஃபைலின் பெயரிலேயே உங்கள் நிறுவனத்தின் பெயரை வைத்து அனுப்பாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.

பெயரை மறைப்பது பற்றி இன்னொன்று. களத்தில் பேசியவர்களின் பெயரை எடுத்துவிட்டோம், போதும் என்று நினைக்கிறோம். 'ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சிமெண்ட் ஊற்றி டைல்ஸ் போடும் பட்டறையைக் கணவர் இறந்த பிறகு நடத்திவரும் பெண்' என்று எழுதினால், பெயர் எதற்கு? பஸ் ஸ்டாண்டில் கேட்டாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். அந்த அம்மா தன் கடன் நிலவரத்தை நம்மிடம் சொல்லியிருப்பார். 'சிவகங்கை மாவட்டத்தில் சிறு பட்டறை நடத்தும் ஒரு பெண்' என்பதோடு நிறுத்துங்கள். தரவு உங்களுக்கு நிதி கொடுத்தவருடையது என்றால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'முடிவுகள் மாநாட்டில் அறிவிக்கப்படும்' என்று எழுதுவது, இலை போட்டுவிட்டு அரிசி வாங்கப் போவது மாதிரி. உடன் பேசுபவராக ஒருவர் பெயரைப் போடும் முன் அவரையும் கேட்டுவிடுங்கள். தேர்வானாலும் பதிவுக் கட்டணம், விமானம், விசா எல்லாம் பெரும்பாலும் அவரவர் செலவுதான்.

கடைசித் தேதி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 11.59 என்றால், அவர்களுக்குக் கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு மறுநாள் காலை 9.29. ஒரு ராத்திரி இனாமாகக் கிடைத்தது என்று நானும் ஒருமுறை காலைக்குத் தள்ளிப்போட்டேன். அன்று எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. முந்தின நாள் பேப்பரிலேயே வந்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. வைஃபை போயிற்று. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஏறினேன். வேர்டில் சரியாக 250 என்று காட்டிய சுருக்கத்தை அந்தப் படிவம் 258 என்று எண்ணியது. வெயிலில் திரை சரியாகத் தெரியாமல், எட்டுச் சொல்லைத் தேடித் தேடி வெட்டி, 9.24க்கு அனுப்பினேன். லேப்டாப்பில் 7 சதவீதம் சார்ஜ் மிச்சம் இருந்தது.