காலநிலை மாற்றத்தின் பாதிப்பை மதிப்பிடுவது எப்படி?

ஒரு பகுதியில் காலநிலை மாற்றம் ஏற்படுத்தும் பாதிப்பை அளவிடப் புகுபவர்கள் பலர், கடைசியாக வந்த வெள்ளத்தையோ வறட்சியையோ வைத்துக் கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படைக் காலத்தை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுச் சராசரியைக் கொள்கிறது. தற்போது வழக்கில் உள்ளது 1991–2020. ஆண்டின் மொத்த மழையளவு மாறாமலேயே, மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும் அளவு கூடியிருக்கலாம் என்பதால், நாள்வாரிப் பதிவுகளையே பார்க்க வேண்டும். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதே, பெய்யும் மழை இப்படி வலுப்பதற்கு ஒரு காரணம்.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட மெல்ல நிகழும் மாற்றமே தவறவிடப்படுகிறது. கடலோரக் கிணறுகளின் உப்புத்தன்மையை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும், அதே கிணறுகளில், பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தால்தான் கடல்நீர் உட்புகுகிறதா என்பது தெரியும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினாலும் இதே விளைவு ஏற்படும் என்பதால், நீர் இறைப்பின் அளவையும் உடன் பதிவு செய்யாமல் பழி முழுவதையும் காலநிலையின் மேல் போட்டுவிடக் கூடாது.

பொருளாதாரக் கணக்கில் இரண்டு பொறிகள் உண்டு. விளைச்சல் குறைந்ததால் நிலத்தின் விலை சரிந்திருக்க, இரண்டையும் தனித்தனி இழப்பாகக் கூட்டினால் ஒரே இழப்பு இருமுறை எண்ணப்படும். மற்றொன்று, எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் கழிவு வீதம். 50 ஆண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் 100 கோடி ரூபாய் இழப்பு, ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதத்தில் இன்று சுமார் 8.7 கோடியாகச் சுருங்கும். 1 விழுக்காட்டில் சுமார் 61 கோடியாக நிற்கும். எந்த வீதம் சரி என்பது பெரும்பகுதி அறம் சார்ந்த தேர்வாகையால், இரண்டு மூன்று வீதங்களில் கணக்கிட்டு எல்லாவற்றையும் அறிக்கையில் காட்டுவதே நேர்மை.

சமூகப் பாதிப்புக்கு வீடுவீடாகச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. பயிர் அழிந்தால் நில உரிமையாளரின் இழப்பு எங்காவது பதிவாகும். அந்த வயலில் களை எடுக்கும் வேலையை இழந்து நின்றவரின் கூலி எந்தக் கணக்கிலும் வராது. “எவ்வளவு நட்டம்?” என்று கேட்பதைவிட, “சமாளிக்க எதை விற்றீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், பிள்ளையின் படிப்பு நின்றதா?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். விடைகளைப் பாலினம், வயது, நில உரிமை வாரியாகப் பிரித்தே தொகுக்க வேண்டும். ஊர் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால், அதிகம் இழந்தவர்கள் அதற்குள் மறைந்துபோவார்கள்.