பிளாஸ்மிட் ஆர்டர் போடும் முன் செல் லைனைப் பாருங்கள்

ஒரு வைரஸ் புரதத்தின் மரபணுவை பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமந்துபோகும் வட்ட டிஎன்ஏ) மூலம் செல்லுக்குள் செலுத்தி, அந்தப் புரதம் செல்லைச் சாகடிக்கிறதா, காப்பாற்றுகிறதா என்று சோதிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் செல் லைனுக்குள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகை) வேறு வைரஸின் புரதம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல மாத வேலையும் ஆன்டிபாடிக் காசும் மிச்சம்.

ஹீலா என்ற செல் லைனில் ஹெச்பிவி-18 (மனித பாப்பிலோமா) வைரஸின் இ6 புரதம் இருக்கிறது, அது பி53-ஐ (சேதமான செல்லைச் சாகவைக்கும் காவல் புரதம்) ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கும். ஹெக்293 என்ற செல் லைனில் அடினோவைரஸின் இ1ஏ, இ1பி மரபணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதில் இ1பி-19கே என்ற புரதம் செல்லைச் சாகாமல் காக்கும் பிசிஎல்-2 புரதம் மாதிரியே வேலை செய்து, செல்லைச் சாகடிக்கும் பேக், பாக்ஸ் புரதங்கள் இரண்டையும் பிடித்துவைத்து மைட்டோகாண்ட்ரியா வழியான செல் மரணத்தைத் தடுக்கும். ஹெக்293-இலிருந்து வந்த 293டி-இல் இவற்றோடு எஸ்வி40 வைரஸின் லார்ஜ் டி ஆன்டிஜென் என்ற புரதமும் சேர்ந்துகொள்கிறது, அதனால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பி53 பட்டை நன்றாகத் தடித்துத் தெரியும், ஆனால் அந்த பி53 லார்ஜ் டி-யால் கட்டிப்போடப்பட்டது, வேலை செய்யாது, அதைப் பார்த்து ஏமாறவே கூடாது. இப்படிப்பட்ட செல்லில் 'என் புரதம் அப்போப்டோசிஸைத் (செல்லின் தற்கொலையை) தூண்டவில்லை' என்று முடிவெடுத்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. பி53 ஒழுங்காக இருக்கிற ஏ549, யு2ஓஎஸ், ஹெச்சிடி116 நல்ல தேர்வு. கடைசியானதற்கு பி53 நீக்கப்பட்ட ஜோடியும் கிடைக்கும், ஒப்பிடச் சௌகரியம்.

புரதத்தை நிறைய தயாரிக்கவோ, அது செல்லில் எங்கே போய் நிற்கிறது, எதோடு ஒட்டுகிறது என்று பார்க்கவோ மட்டும்தான் என்றால் 293டி தாராளமாகப் போதும்.