வாசிக்கத் திணறும் மாணவருக்கு நிறத் தகடு: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துகள் நெளிகின்றன, வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, வெள்ளைத் தாளைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று சொல்லும் மாணவர்களுக்காக, பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கும், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நிறத் தகடுகளும் வண்ணக் கண்ணாடிகளும் விற்கப்படுகின்றன. 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஹெலன் இர்லென் பரப்பிய இம்முறையைப் பிரிட்டனில் உளவியலாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் விரிவாக ஆராய்ந்தார். சிலருக்குக் கண் உறுத்தல் குறையலாம் என்பதற்கு மேல் இதில் ஒருமித்த கருத்து இன்றுவரை உருவாகவில்லை.

ஆகவே, இதை டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டுக்கான சிகிச்சையாக எண்ணுவதே முதல் தவறு. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிக்கல் கண்ணில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, அவற்றை எழுத்தோடு பொருத்துவதில்தான் இருக்கிறது. வண்ணக் கண்ணாடியைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. தகடு வாங்கியாயிற்று என்ற நிம்மதியில் ஒலி-எழுத்துப் பயிற்சி ஓராண்டு தள்ளிப்போவதுதான், என் பார்வையில், பணம் வீணாவதைவிடப் பெரிய இழப்பு.

அடுத்த தவறு, முழுமையான கண் பரிசோதனைக்கு முன்பே நிறம் தேடுவது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடும் குழந்தைக்கும், அருகில் உள்ளதைப் பார்க்கச் சிரமம் தரும் தூரப்பார்வைக் குறை (ஹைப்பர்மெட்ரோபியா) இருக்கலாம். கண் தசையை இறுக்கி அதைச் சமாளித்துக்கொள்வதால், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் அது முழுமையாகத் தெரியவரும். அருகில் பார்க்கும்போது இரு விழிகளும் சரியாக உள்நோக்கிக் குவியாவிட்டாலும் எழுத்து இரட்டையாகவோ அசைவதாகவோ தோன்றும். இவற்றுக்கு உரிய கண்ணாடியோ பயிற்சியோ உண்டு.

தகட்டைச் சோதிக்கும் விதத்தில்தான் தவறுகள் மலிந்திருக்கின்றன. ஒரு பத்தியைத் தகடு இல்லாமல் படிக்கவைத்து, பிறகு அதையே தகட்டோடு படிக்கவைத்தால் இரண்டாம் முறை வேகம் கூடத்தான் செய்யும். அது பழக்கத்தின் பயன். ‘இது உனக்கு உதவும்’ என்று சொல்லிக் கொடுத்தால் அந்த எதிர்பார்ப்பும் வேகத்தைக் கூட்டும். இதைத் தவிர்க்கவே வில்கின்ஸின் சோதனையில் 15 எளிய சொற்கள் வரிக்கு வரி வேறு வேறு வரிசையில், பொருள் தொடர்பின்றி, நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். ஊகித்துப் படிக்க அதில் வழியில்லை. வேகம் 5 விழுக்காடு கூடினாலே பயன் என்று கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. பின்னர் வில்கின்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்களே அந்த அளவை 15 விழுக்காடாக உயர்த்தினார்கள். நிறமற்ற தகட்டோடும் வேறு நிறத் தகட்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. 2011இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் பள்ளிக் குழந்தைகளிடம் அவ்வாறே ஒப்பிட்டபோது, ஒவ்வொருவருக்கும் பரிந்துரைக்கப்பட்ட நிறம் வாசிப்பு வேகத்தில் உடனடிப் பயன் எதையும் தரவில்லை. வீட்டில் சோதிப்பவர்கள் வெவ்வேறு நாள்களில், புதிய பத்திகளைக் கொண்டு, தகட்டோடும் தகடின்றியும் மாறி மாறிப் படிக்கவைத்து நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பிள்ளைக்குப் பிடித்த நிறம் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சோதனையே ஆகாது.

தகட்டில் மஞ்சள் ஒத்துவந்தது என்பதால் மஞ்சள் கண்ணாடி செய்துகொள்வதும் தவறு. தகடு பக்கத்தை மட்டுமே நிறமாக்குகிறது. கண்ணாடியோ பார்வைப் பரப்பு முழுவதையும் மாற்றிவிடுகிறது என்பதால், ஒருவருக்கே இரண்டிலும் வெவ்வேறு நிறங்கள் தேவைப்படலாம் என்று வில்கின்ஸே காட்டியிருக்கிறார். கண்ணாடிக்கான நிறத்தை அதற்குரிய கருவியில் தனியாகப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தும்போது பளபளப்பான தகட்டில் விளக்கொளி பட்டுத் தெறித்தால் கூச்சம் முன்பைவிட மிகும். தகட்டின் பளபளப்பற்ற பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, கீறல் விழுந்ததும் மாற்றிவிட வேண்டும். சில வாரங்களில் மாணவர் தாமாகவே தகட்டை எடுக்க மறந்துவிட்டால், நினைவூட்டிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.