வீணைப் பிரடை வழுக்குதா? ஆசாரியிடம் போகும்வரை ஓட்ட ஒரு வழி

எங்கள் வீட்டு வீணை பாட்டியுடையது. ஐப்பசி மழையில் பிரடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மரக்கட்டை) இறுகி அசையவே அசையாது. சித்திரையில் மரம் சுருங்கி, சாரணி என்ற முதல் தந்தியைச் சட்ஜத்தில் நிறுத்திக் கையை எடுப்பதற்குள் சர்ரென்று கழன்று தந்தி தொங்கும். தஞ்சாவூர்ப் பக்கம் வீணை வைத்திருக்கும் எல்லோர் வீட்டுக் கதையும் இதுதான். பிரடையில் மரையோ பல்சக்கரமோ கிடையாது, கூம்பாகச் சீவிய கட்டை கூம்பான துளையில் உராய்ந்து நிற்கிறது, அவ்வளவே.

தந்தியைத் தளர்த்திப் பிரடையை உருவுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மொத்தத்தையும் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடும், அப்புறம் அது தனித் தலைவலி.

உருவியதை ஜன்னலோரம் திருப்பிப் பாருங்கள். துளையில் உரசும் இடம் மட்டும் வளையமாக மினுங்கும். அங்கேதான் சாக்பீஸ் தேய்க்கணும். நான் ஒரு வாரம் வீணடித்தது இங்கேதான். எவ்வளவு தேய்த்தாலும் மறுநாளே வழுக்கியது. கடைசியில் மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய்! மழையில் இறுகியபோது யாரோ விட்டிருக்கிறார்கள் (நான்தானாம், அம்மா சொல்கிறார்). எண்ணெய் மேல் சாக்பீஸ் களியாகிவிடும். பழைய வேட்டித் துணியால் பிரடையை அழுத்தித் துடைத்து, அதே துணியைத் திரியாக முறுக்கித் துளைக்குள் விட்டுச் சுழற்றி, துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரைக்கும் விடாமல் செய்து, ஒரு ராத்திரி காயவிட்ட பிறகு சாக்பீஸைத் தொடுங்கள்.

மாட்டும்போது வெறுமனே திருகாதீர்கள். எதிர்ப்பக்கம் இடது கையை முட்டுக் கொடுத்து, பிரடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருகணும். இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு உடனே ஏற்றாமல் ஒரு நாள் இரண்டில் வைத்திருந்தேன், நின்றது.

அப்படியும் வழுக்கினால் தினசரி காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து மினுங்கும் இடத்தில் ஒரே ஒரு சுற்று. தாளின் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த மேடு மட்டும்தான் பிடிக்கும், சுருதி மறுபடி இறங்கும். வழவழப்பான மாதக் காலண்டர் தாள் வேண்டாம். உப்புத்தாளைச் சொருகச் சொல்பவர்கள் உண்டு, அது துளையையே அரித்துப் பெரிதாக்கும் என்பதால் எனக்குப் பிடிக்காது. உடனடிப் பசை பக்கமே போகாதீர்கள்.

பின்சேர்க்கை: மாயவரத்திலிருந்து ஒரு அக்கா, எல்லாம் செய்தும் பஞ்சமத் தந்தி மட்டும் இறங்குகிறது என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். துளை வட்டமாகவே இல்லை, தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. அதற்குத் தாளெல்லாம் போதாது. துளையை மரத்தால் அடைத்து ஆசாரி புதிதாகக் கடைந்து கொடுக்கணும். அதுவரை அந்தத் தந்தியைத் தளர்த்தியே வைத்திருங்கள், அக்கா.