கோல்கா பள்ளத்தாக்கில் ஜோடியாக இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

பெரு நாட்டின் தெற்கே, அரெக்கிப்பா நகரத்திலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் போனால் கபனகோந்தே என்ற சிற்றூர் வரும். கோல்கா பள்ளத்தாக்கில் இறங்கும் பாதைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பள்ளத்தாக்கின் மிக ஆழமான இடம் 3,000 மீட்டரைத் தாண்டும். ஆனால் நடப்பவர்கள் அவ்வளவு இறங்க வேண்டியதில்லை, ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான். முதல் நாள் சான் ஹுவான் தே சுச்சோ வரை இறக்கம். அடுத்த நாள் கோஸ்ஞிர்வா, மலாத்தா ஊர்கள் வழியாக ஆற்றோரத்துச் சங்காயே. மூன்றாம் நாள் அங்கிருந்து நேராக மேலே கபனகோந்தேவுக்கு. இதுதான் வழக்கமான சுற்று.

மலை ஏறும்போது முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம், இறக்கம்தானே. இங்கே அப்படி இல்லை. இறக்கம் முதலில் வருகிறது, ஏற்றம் கடைசியில் காத்திருக்கிறது. முதல் நாள் செய்கிற தவறெல்லாம் மூன்றாம் நாள் காலையில்தான் கணக்குக்கு வரும். அதிலும் இருவராகப் போனால், யாராவது ஒருவர் செய்த தவறுக்கு இருவருமே நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் தவறு, இதையே இரண்டு நாளில் முடிக்கப் பார்ப்பது. அரெக்கிப்பாவிலிருந்து விடிகாலை மூன்று மணி வாக்கில் வேனில் ஏற்றி, அன்றே பள்ளத்தாக்கின் அடிக்குக் கொண்டுபோய், மறுநாள் மேலே ஏற்றிவிடும் பயணத் திட்டங்கள் நிறைய உண்டு. ஒரு நாள் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் தூக்கம் கெட்ட உடம்போடு இறங்கி, வலிக்கிற முழங்காலோடு மறுநாள் விடியுமுன் ஏற வேண்டும். இருவரில் ஒருவருக்காவது நடந்து பழக்கமில்லை என்றால் இந்தத் திட்டத்தைத் தொடவே வேண்டாம்.

உயரத்தைப் பற்றிய குழப்பம் அடுத்தது. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சங்காயேவே ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம். மேலே உள்ள கபனகோந்தே தொட்டபெட்டாவைவிட 600 மீட்டருக்கு மேல் உயரம். வரும் வழியில் சாலை பட்டபம்பா கணவாயைக் கடக்கிறது, அது ஏறக்குறைய 4,900 மீட்டர். கடற்கரையில் இருக்கும் லிமாவிலிருந்து வந்து, மறுநாளே இந்தப் பேருந்தில் ஏறினால் தலைவலி, குமட்டல் எல்லாம் வரத்தான் செய்யும். அரெக்கிப்பாவில் இரண்டு நாள் சும்மா சுற்றிவிட்டுப் புறப்படுங்கள்.

இங்கே ஜோடிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒருவருக்குத் தலை வலிக்கும், சொல்ல மாட்டார். "ஒண்ணுமில்லை, லேசாத்தான். வாங்க போகலாம்" என்பார். இவ்வளவு செலவு பண்ணி வந்த பயணம் தன்னால் கெட்டுவிடக் கூடாதே என்ற நினைப்பு. அக்கறையில்தான் மறைக்கிறார், ஆனால் ஆபத்து அதில்தான். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் என்று சேர்ந்தால் அன்று நடையே கிடையாது என்று கிளம்புமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாதாடத் தேவை இருக்காது.

அப்புறம் பை. இருவருக்கும் ஒரே பெரிய பை, தூக்குவது கணவர், மனைவி கைவீசி நடப்பார். பார்க்க அன்பாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் ஒருவரிடம், தாகம் மற்றவருக்கு என்று ஆகிவிடும். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் இரண்டு வளைவு இடைவெளி விழுந்தாலே குரல் கேட்காது. ஆளுக்கொரு சிறு பை போதும். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட், நெற்றி விளக்கு, ஒரு கம்பளிச் சட்டை, சில்லறையாகப் பெரு நாட்டுப் பணமான சோல் நோட்டுகள் ஆகியவை இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். கீழே பகலில் வெயில் கொளுத்தும், மேலே ஜூன், ஜூலை இரவுகளில் கடுமையாகக் குளிரும். பெரிய பெட்டிகளை அரெக்கிப்பா விடுதியிலேயே விட்டுவிடலாம்.

இறக்கத்தில் அடி வாங்குவது கால் கட்டைவிரல். பாதை முழுக்க உருளும் சரளை. ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, விரல் நுனி ஷூவில் இடிக்கும். மூன்று மணி நேரம் இப்படியே இடித்தால் நகம் கறுத்துவிடும். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இறங்குமுன் கணுக்கால் பக்கம் ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், குதிகால் நகராமல் நிற்கும். ஊன்றுகோல் ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கொன்றாகப் பங்கிடுவது பழக்கம். முழங்கால் பலவீனமானவரிடம் இரண்டையும் கொடுத்துவிடுவது மேல். எதிரே கோவேறு கழுதைகள் வந்தால் மலைச் சுவரை ஒட்டி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் ஒதுங்காதீர்கள். மூட்டை இடித்தால் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

வேகமாக நடப்பவர் முன்னால் போய்க் காத்திருப்பதும் நல்லதல்ல. பின்னால் வருபவர் எட்டியதும் இவர் உடனே கிளம்பிவிடுவார். ஓய்வு எடுத்தவருக்கே மறுபடி ஓய்வு, களைத்தவருக்கு அது கிடைக்காது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்.

கடைசி நாள் ஏற்றத்துக்கு ஏழு மணிக்கு மேல் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தென்கோளத்தில் நடை காலமான மே முதல் செப்டம்பர் வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், நீங்கள் ஏறும் சரிவோ வடக்கு பார்த்தது. வெயில் விழுந்துவிட்டால் ஒதுங்க நிழலே கிடையாது. நன்றாக நடப்பவருக்கே மூன்று மணி நேரம் பிடிக்கும், மற்றவர்களுக்கு நான்குக்கும் மேல். விளக்கோடு ஐந்து மணிக்குள் புறப்பட்டால் பாதித் தூரம் குளிர்ச்சியிலேயே முடியும். முடியாது என்று தோன்றினால் சங்காயேவில் கோவேறு கழுதை கிடைக்கும், ஆனால் முந்தின இரவே சொல்லி வைக்க வேண்டும். ஒருவர் சவாரி, ஒருவர் நடை என்று போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்காலம், மண் சரியும். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. வழியெல்லாம் கோக்கா (கொக்கெய்ன் எடுக்கப்படும் செடி) இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கே அது சாதாரணம், சட்டப்படி சரி, குடிக்கலாம். அதன் பாக்கெட்டுகளை நினைவுப் பொருளாகப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கோக்கா இலையும் வருகிறது.