மழைக்காலம் முடிந்து பைக்கைப் பிரிக்கிறீர்களா? போல்ட்டில் செய்யக்கூடாத தவறுகள்

ரங்கூன் நகருக்குள் 2003-இலிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. பர்மாவின் தெற்கே மோல்மேனில் இருக்கும் நாம்தான் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையில் ஓட்டிவிட்டு, நவம்பரில் போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறோம்.

காரணம் வெறும் துரு இல்லை. போல்ட் இரும்பு, எஞ்சின் உடம்பு அலுமினியம். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தே கிடந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளை மாவாகி மரைக்குள் அடைத்துக்கொள்ளும்.

முதல் தவறு நானே செய்தது. ஹோண்டா வேவ் எஞ்சின் கவர், 6 மி.மீ. போல்ட், தலை 8-ஆம் நம்பர். தலையைச் சுற்றி ஒட்டியிருந்த சேற்றைக்கூடச் சுரண்டாமல், பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். 'கிரக்' என்றது. இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் ஆறு மூலையும் மழுங்கி, தலை கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தது. பக்கத்துப் பட்டறை மாமா எட்டிப் பார்த்து, "தம்பி, மரை இறுகியிருந்தா வழி இருக்கு. தலை போயிட்டா எதைப் பிடிச்சுத் திருப்புவே?" என்றார்.

அழுக்கை முதலில் சுரண்டுங்கள். ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அடிவரை உட்காரவையுங்கள். பழைய ஜப்பான் வண்டிகளில் நட்சத்திர ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தர அளவு வகை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் வழுக்கி மேலே ஏறிவிடும். அடிக்கும்போதே திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வாங்கி வைத்தால் பல வருடம் உழைக்கும்.

அடுத்தது, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி இழுப்பது. 6 மி.மீ. போல்ட்டை இறுக்கும் அளவே 10, 12 நியூட்டன் மீட்டர்தான். பைப் போட்டால் தலை தனியாகக் கையில் வந்துவிடும். எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். துருவை இளக்கும் எண்ணெய்தான் வேண்டும். சமையல் எண்ணெய் மரைக்குள் அவ்வளவாக இறங்காது. காலையில் தலையை இரண்டு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பாருங்கள். அப்புறம் முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள்.

யமஹாவில் வலப்பக்கக் கண்ணாடி என்றால் எண்ணெய் விடுவதற்கு முன் யோசியுங்கள்: பல மாடல்களில் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

சூடு காட்டுவதிலும் பலர் தப்பு செய்கிறார்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள இடத்துக்குச் சூடு காட்டுங்கள். ஹாட் ஏர் கன் போதும். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும் என்பதால் நெருப்பு ஆபத்து. பெட்ரோல் டேங்க் கழற்றித் தூர வைத்திருக்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடே கூடாது. குளோரின் கலந்த வகை என்றால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

போல்ட் முறிந்துவிட்டால், முறிந்த துண்டை வெளியே எடுக்கும் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட்டால் அதைத் துளைக்க முடியாது.

என் கோலிக்குண்டை மாமாதான் எடுத்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். அந்தச் சூட்டிலேயே பிடி விட்டது. ஆறியதும் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்ப, மரை முழுக்க வெள்ளை மாவோடு வெளியே வந்தது.