தனியாக ஜப்பான் சுற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பயப்படுவது நடத்தை விதிகளுக்குத்தான். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது, ரயிலில் போன் பேசக் கூடாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வார்கள். அதிலெல்லாம் கொஞ்சம் பிசகினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, வெளியூர்க்காரர் என்று விட்டுவிடுவார்கள். நேரம் மட்டும் அப்படி விடாது. படகு, கிராமத்துப் பேருந்து, கடல் ஏற்ற இறக்கம், விடுதியின் இரவுச் சாப்பாடு எதுவும் உங்களுக்காகக் காத்திருக்காது. நாலு பேராகப் போனால் டாக்சிக்குப் பங்கு போட்டுச் சமாளிக்கலாம். தனியாகப் போகிறவர் கடைசிப் பேருந்தை விட்டால் முழுச் செலவும் அவர் தலையில்தான் விழும்.

டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே சில நிமிடங்களுக்கு ஒரு புல்லட் ரயில் ஓடுகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் நாடு முழுக்க அப்படித்தான் என்று எண்ணித் தீவுகளுக்கும் மலைகளுக்கும் திட்டம் போடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கண்ணை மூடிக்கொண்டு ரயில் பாஸ் வாங்குவது

"ஜப்பான் போனால் ஜேஆர் பாஸ் வாங்கிவிடு" என்பது பழைய அறிவுரை. ஜேஆர் என்றால் ஜப்பான் ரயில்வே. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பத் தனி டிக்கெட் சுமார் 28,000 யென். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000 அளவில்தான் வரும். ஒரே வாரத்தில் நீண்ட தூரம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பாஸ் கட்டுப்படியாகும். அப்படி ஓடுவது ஊர் பார்ப்பதாகாது என்பது என் கட்சி. ஒரு வட்டாரத்தில் தங்கிப் பார்ப்பவர்களுக்கு வட்டார பாஸ்கள் இருக்கின்றன. உதாரணமாக, கான்சாய்–ஹிரோஷிமா பாஸில் கியோட்டோ, ஒசாகா, ஹிமேஜி, ஹிரோஷிமா எல்லாம் அடங்கும். மியாஜிமா தீவுக்குப் போகும் ஜேஆர் படகும் சேர்த்தி.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஓபோன் நாட்கள், புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களிலும் ஜப்பானியர்களே ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். முன்பதிவு இல்லாமல் போகக் கூடாத நாட்கள் அவை.

பத்தாயிரம் யென் நோட்டோடு பேருந்து ஏறுவது

சுய்கா, இகோகா போன்ற தொடு அட்டைகள் பெருநகரங்களில் எங்கும் செல்லும். நகரத்தை விட்டு வெளியே வந்தால் அப்படியில்லை. ஷிகோகு தீவின் பெரும்பாலான ரயில் நிலையங்களில் அவற்றைத் தட்ட இடமே கிடையாது. குமாமோட்டோவில் சில பேருந்து நிறுவனங்கள் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2024 நவம்பரில் இந்த அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன.

அதனால் கிராமத்துப் பேருந்தின் நடைமுறையைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் பின்கதவில் ஏறவேண்டும். ஏறும் இடத்தில் உள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு நீளும், அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவில், ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் சீட்டையும் சரியான சில்லறையையும் சேர்த்துப் போடவேண்டும். அந்த இயந்திரம் ஆயிரம் யென் நோட்டைச் சில்லறையாக மாற்றித் தரும், பத்தாயிரத்தை வாங்காது. பின்னால் இறங்கக் காத்திருக்கும் பாட்டிமார் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதுதான் இன்னும் சங்கடம்.

நிறுத்தத்திலுள்ள கால அட்டவணையில் வேலை நாளுக்கு ஒரு பத்தி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறைக்கு ஒரு பத்தி இருக்கும். தவறான பத்தியைப் பார்த்துவிட்டு வராத பேருந்துக்காக நிற்பவர்கள் ஏராளம். சின்னத் தீவுகளில் பணம் எடுக்கத் தபால் நிலைய ஏடிஎம்தான் கதி, அதையும் நேரத்தோடு மூடிவிடுவார்கள். பணத்தைப் பெரிய ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலைக் கேட்காமல் தீவுக்குப் போவது

மியாஜிமாவின் இட்சுகுஷிமா ஆலயத்துக்கு முன்னால் கடலில் நிற்கும் சிவப்பு நுழைவாயிலைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அது தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரிய நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். அதன் காலடிவரை நடந்து போக 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவேண்டும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேர இடைவெளி. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில், சேற்றில் பாதி நனைந்து நிற்கும் வாயிலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தீவின் சுற்றுலாச் சங்கம் நீர்மட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. படகு நேரத்தை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள், மாலையில் கூட்டம் போனபிறகு தீவே வேறு மாதிரி இருக்கும். கையில் இருக்கும் வரைபடத்தை மட்டும் மான்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள், காகிதம் என்றால் அவற்றுக்கு அவ்வளவு ஆசை.

யாகுஷிமா தீவில் இதைவிடக் கறார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் ஜோமோன் சுகி என்ற மாபெரும் தேவதாருவைப் பார்க்கப் போக வர சுமார் 22 கிலோமீட்டர் நடை, பத்து மணி நேரம் பிடிக்கும். பாதையில் பெரும்பகுதி வெட்டிய மரங்களை ஏற்றி வந்த பழைய வண்டித் தண்டவாளத்தின் மேலேயே போகிறது. மார்ச்சிலிருந்து நவம்பர்வரை மலையடிவாரத்துக்குச் சொந்த வண்டிகளை விடுவதில்லை. விடியும் முன்னே கிளம்பும் பேருந்தைத்தான் பிடிக்கவேண்டும், டிக்கெட்டை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள். "மாதத்தில் 35 நாள் மழை பெய்யும்" என்று அந்தத் தீவைப் பற்றிச் சொல்வார்கள். குடையை நம்பிப் போகாமல் மேலும் கீழும் மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள். அதே தீவில் ஹிராவுச்சி என்ற இடத்தில் கடற்கரைப் பாறைக்குள் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கடல் உள்வாங்கும்போது மட்டும், நாளுக்கு இருமுறை தலைகாட்டும். மற்ற நேரம் போனால் அலையைத்தான் பார்த்துவிட்டு வரலாம்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் புயல் வந்தால் முதலில் நிற்பது வேகப் படகுகள். சில நாட்களில் "போகலாம், ஆனால் துறைமுகத்தில் கட்ட முடியாவிட்டால் திரும்பிவிடுவோம்" என்ற நிபந்தனையோடுதான் கப்பலே கிளம்பும். தீவிலிருந்து திரும்பும் அன்றைக்கே ஊருக்கு விமானம் போட்டுவைக்காதீர்கள். ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

ஒகசவாரா தீவுகள் இன்னொரு ரகம். நிர்வாகத்தில் டோக்கியோ மாநகரத்தைச் சேர்ந்தவை, தூரத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே கிடக்கின்றன. விமான நிலையம் கிடையாது. டோக்கியோவின் தக்கேஷிபா துறையிலிருந்து கப்பலில் 24 மணி நேரம். போன கப்பல் வழக்கமாக மூன்று இரவு அங்கேயே நின்று பிறகுதான் திரும்பும். ஆறு நாள் கைவசம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். நவோஷிமா, தெஷிமா கலைத் தீவுகளுக்குப் போகிறவர்கள் கிழமையைப் பார்க்கவேண்டும். நவோஷிமாவில் சிச்சூ அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, தெஷிமா கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்.

கோட்டை எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

ஒசாகா கோட்டையைப் பார்த்துவிட்டு "உள்ளே லிஃப்ட் இருக்கிறதே" என்று ஏமாந்து போகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டடம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது. பல கோட்டைகள் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) இடிக்கப்பட்டன, பல போரில் எரிந்தன. பழைய மூலக் கோபுரம் மிஞ்சியவை நாட்டில் மொத்தம் 12 தான். ஹிமேஜி, மட்சுமோட்டோ, இனுயாமா, ஹிகோனே, மட்சுயே ஆகிய ஐந்தும் தேசியப் பொக்கிஷங்கள். நாள் குறைவாக இருந்தால் கான்கிரீட்டை விட்டுவிட்டு இவற்றில் இரண்டைப் பாருங்கள். நகோயா கோட்டைக் கோபுரத்துக்குள் 2018-லிருந்து ஆட்களை விடுவதில்லை, வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் முடியும்.

மரக் கோட்டைகளுக்கு முதுகில் பெரிய பையோடு போகாதீர்கள். செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி ஏறவேண்டும். மட்சுமோட்டோவில் ஒரு படிக்கட்டு 61 டிகிரி சாய்வு, ஏணி என்றே சொல்லலாம். பாலிஷ் ஏறிய மரத்தில் காலுறை வழுக்கும். இறங்கும்போது பை பின்னால் இடித்து நம்மையே தள்ளிவிடும். ரயில் நிலைய லாக்கரில் பையைப் பூட்டிவிட்டுப் போங்கள். தீவுக்குப் போவதாக இருந்தால் இன்னும் நல்ல வழி, கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாட்டோ கூரியரில் பையை அடுத்த ஊர் விடுதிக்கே அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேரும். இன்னொன்று, பல கோட்டைகள் மாலை ஐந்துக்கு மூடும், கடைசி நுழைவு நாலரை அல்லது நாலு மணிக்கே முடிந்துவிடும்.

ஆலய விதிகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிந்தோவின் ஆலயத்தில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். இசுமோ ஆலயத்தில் நாலு தட்டு. புத்தர் கோயிலில் கைதட்டுவதில்லை, கும்பிட்டால் போதும். அது நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ரியோகானையும் வெந்நீர் ஊற்றையும் ஹோட்டல்போல நினைப்பது

ரியோகான் என்ற பாரம்பரிய விடுதிகள் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று விலை போடுகின்றன. தனி ஆள் என்றால் விலை கூடும், சனிக்கிழமைகளில் சில இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். ஞாயிறு முதல் வியாழனுக்குள் தேடினால் சுலபம். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு ஆரம்பம். உங்கள் ஒருவருக்காகப் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள் வரிசையாகத் தயாராகும், எட்டு மணிக்கு வந்து கேட்டால் கிடைக்காது. அந்த நேரத்துக்குள் வந்துசேர முடியாதென்றால் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுங்கள். சைவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். காய்கறி சூப் என்று தருவதிலும் அடியில் மீன் சாறு இருக்கும். கோயா மலையின் கோயில் விடுதிகளில் புத்தத் துறவிகளின் சைவச் சாப்பாடு கிடைக்கும், அங்கே இந்தக் கவலை இல்லை.

வெந்நீர் ஊற்றில் உடையின்றித்தான் இறங்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொள்வதும், சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் தலையில் வைத்துக்கொள்வதும்தான் முக்கியம். பச்சை குத்தியிருப்பவர்கள் முன்பே விசாரியுங்கள். வெந்நீர் ஊற்று ஊரான கினோசாகியின் ஏழு பொதுக் குளியல்களிலும் அதற்குத் தடையில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு விடுமுறை நாள் உண்டு. கந்தகத் தண்ணீரில் வெள்ளி கறுத்துவிடும், மெட்டி, கொலுசு, அரைஞாண் எதுவானாலும் அறையிலேயே கழற்றி வையுங்கள். தண்ணீர் பெரும்பாலும் 42 டிகிரி அளவில் இருக்கும். மது குடித்துவிட்டு இறங்குவதும், வெகுநேரம் ஊறிவிட்டுச் சட்டென்று எழுவதும் தனியாகப் போகிறவர்களுக்கு ஆபத்து, தலைசுற்றி விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

அப்புறம், பல விடுதிகளில் ஆண்கள் குளியலையும் பெண்கள் குளியலையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள், இரண்டையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று இரவு போன கதவுதானே என்று காலையில் தூக்கக் கலக்கத்தில் நுழைந்துவிடாதீர்கள். வாசலில் தொங்கும் திரையைப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு.